டிஎஸ்டி ரீடரில் ஃபஸ் சோதனை: சின்ன திறமூலத் திட்டத்தில் இதை எப்படி நிலையாக வைத்துக்கொள்வது?

ஊசிநூல் | திருப்பூர் | ஞாயிறு, இரவு 9:20

வணக்கம் நண்பர்களே. எம்பிராய்டரி மிஷின்களுக்கான டிஎஸ்டி கோப்பைப் படித்து டிசைனைத் திரையில் காட்டும் சி நூலகம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் நான்கு வருடமாகப் பராமரித்து வருகிறோம். 15 வேலம்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் சில யூனிட்டுகளில், டிசைனை மிஷினில் ஏற்றும் முன் இதில்தான் திறந்து பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒரு யூனிட்டில் நைட் ஷிப்ட். பென் டிரைவைச் செருகி டிசைனைத் திறந்ததும் நிரல் செத்துவிட்டது. டிசைன் சரியா என்று பார்க்காமல் மிஷினில் ஏற்ற முடியாது. காலை வரை 20 தலை மிஷின் சும்மா நின்றது. அந்த யூனிட்காரர் என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

கோப்பை வாங்கிப் பார்த்தேன். டிஎஸ்டியின் முதல் 512 பைட் தலைப்பு. அதில் மொத்தத் தையல் எத்தனை என்று ஓர் எண் இருக்கும். அதற்குப் பிறகு தையலுக்கு 3 பைட். ஊசி எவ்வளவு நகர வேண்டும் என்பதை 1, 3, 9, 27, 81 ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் சொல்வார்கள். ஆகவே ஒரு தையலில் அதிகபட்சம் 121 அலகு, அதாவது 12.1 மில்லிமீட்டர். எங்கள் நிரல் தலைப்பில் எழுதியிருந்த எண்ணை நம்பி அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கியது. ஆனால் தையல்களைக் கோப்பு முடியும் வரை படித்துக்கொண்டே போனது. பஞ்சிங் செய்தவர், அதாவது படத்தைத் தையலாக மாற்றியவர், வேறொரு மென்பொருளில் தையல் சேர்த்திருக்கிறார், தலைப்பில் எண் மாறவில்லை. தலைப்பில் 8,000, உள்ளே 8,400. மிச்சம் 400 தையலும் ஒதுக்காத இடத்தில் போய் விழுந்தன.

பிழையைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் இதுபோல இன்னும் எத்தனை உள்ளே இருக்கின்றன என்ற கவலையில் ஃபஸ் சோதனைக் கருவியான லிப்ஃபஸரை எடுத்து முதன்முதலாக ஓட்டினேன். தாறுமாறாக மாற்றிய உள்ளீடுகளை ஓயாமல் கொடுத்து, நிரல் எங்கே சாகிறது என்று பார்ப்பதுதான் ஃபஸ் சோதனை. திருத்துவதற்கு முந்தைய பதிப்பில் வைத்தபோது, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் அதே பிழையைப் பிடித்துவிட்டது. நான்கு வருடம் எங்கள் கண்ணில் படாதது.

இப்போது என் கேள்வி கருவியைப் பற்றியது இல்லை. ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டால் அடுத்த மாதம் வேறு யாராவது எழுதும் கோடில் இதே தவறு மறுபடியும் வரும். யாராவது கோடில் மாற்றம் அனுப்பும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஓட்ட வேண்டுமா? எவ்வளவு நேரம்? திறமூலத் திட்டங்களுக்கு ஃபஸ் சோதனை ஓட்டித் தரும் ஓஎஸ்எஸ்-ஃபஸ் போன்ற பெரிய இடத்தில் சேர்க்கலாமா? மூன்று பேர் மாலை நேரத்தில் பார்க்கும் வேலை இது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதமலை_அடிவாரம் | கோவை | ஞாயிறு, இரவு 10:05

ஊசிநூல், உங்கள் பிழையும் 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறையும் ஒரே குடும்பம். அங்கேயும் இதே கதைதான். எதிர்முனையிலிருந்து வரும் செய்தியில் "என் நீளம் இவ்வளவு" என்று ஓர் எண் இருக்கும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் அதைச் சரிபார்க்காமல் நம்பி, அவ்வளவு பைட்டையும் நினைவகத்திலிருந்து அள்ளித் திருப்பி அனுப்பியது. ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்து இரண்டு வருடம் உலகமே பயன்படுத்திய கோடில் அது இருந்தது. 2015இல் ஹானோ போக், ஏஎஃப்எல் என்ற ஃபஸரையும், நினைவக மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்து ஓட்டினால் சில மணி நேரத்தில் அது சிக்கிவிடும் என்று செய்தே காட்டினார்.

இந்த முறையின் தொடக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் மழை இரவில் டயல்-அப் இணைப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மின்னலில் தொலைபேசிக் கம்பியில் ஏறிய இரைச்சல் குப்பை எழுத்துகளாக வந்து விழ, யூனிக்ஸ் நிரல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அதையே மாணவர்களுக்கு வகுப்பு வேலையாகக் கொடுத்தார். 1990இல் வெளியிட்ட கட்டுரையில், சோதித்த நிரல்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குப்பை உள்ளீட்டில் செத்தோ தொங்கியோ போயின என்று எழுதினார்கள்.

இன்றைய ஃபஸர்கள் வெறும் குப்பையைக் கொட்டுவதில்லை. 2013இல் மிகாவ் ஸலேவ்ஸ்கி கொண்டுவந்த ஏஎஃப்எல், நிரலுக்குள் எந்தக் கிளைகள் ஓடின என்று கவனிக்கும். ஒரு பைட்டை மாற்றியதும் புதிதாக ஒரு கிளை திறந்தால் அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து அடுத்ததைப் பிறப்பிக்கும். "ஹலோ" என்ற ஒரே சொல்லை விதையாகக் கொடுத்து, கடைசியில் செல்லுபடியாகும் ஜேபெக் படங்களையே அது உருவாக்கியதை அவர் 2014இல் எழுதினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றை மட்டும் விடவே கூடாது. அட்ரஸ் சானிடைசர் இல்லாமல் ஃபஸ் ஓட்டாதீர்கள். ஒதுக்காத இடத்தில் நான்கு பைட் எழுதினால் நிரல் உடனே சாகாது, அமைதியாக ஓடும். சானிடைசர் இருந்தால்தான் அந்த நொடியிலேயே நின்று, எந்த வரி, எத்தனை பைட் தாண்டியது, அந்த இடம் எங்கே ஒதுக்கப்பட்டது என்று சொல்லும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். பரவாயில்லை.

ஓஎஸ்எஸ்-ஃபஸ் பற்றி: 2016 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. 2025 மே நிலவரப்படி 1,000 திட்டங்களில் 13,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள், 50,000 பிழைகள். என் அனுபவத்தில் சொல்கிறேன், முடிந்தால் சேர்ந்துவிடுங்கள்.

ஆழியாறு | பொள்ளாச்சி | திங்கள், காலை 6:40

//முடிந்தால் சேர்ந்துவிடுங்கள்//

மருதமலை அண்ணா சொன்ன வரலாறு எல்லாம் சரி. இந்த ஒரு வரியில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

நான் ஒரு படக் கோப்பு நூலகத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வேலை, பகலில் சம்பள வேலை, இரவு இது. ஆர்வத்தில் பத்து ஹார்னஸ் எழுதி ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டேன். முதல் மாதத்தில் குவிந்ததைப் பார்த்து மலைத்துப் போனேன். கண்டுபிடிப்பது இயந்திரம். அதற்குக் களைப்பில்லை. ஒவ்வொன்றையும் திறந்து, இது உண்மையில் ஆபத்தா, ஒரே பிழை ஐந்து பெயரில் வந்திருக்கிறதா, திருத்தினால் பழைய கோப்புகள் உடையுமா என்று பார்ப்பது மனிதன். ஆறு மாதம் அந்தக் களஞ்சியத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. அந்த ஆறு மாதத்தில் நல்லபடியாகப் பங்களிக்க வந்த இரண்டு பேருக்குப் பதில்கூட எழுதவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இது என் ஒருவன் பிரச்சினை இல்லை. எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நூலகம் எத்தனை கோடிக் கருவிகளில் இருக்கிறது! அதைப் பராமரித்த நிக் வெல்ன்ஹோஃபர் 2025 ஜூனில், பாதுகாப்புப் பிழைகளுக்கென்று இரகசியக் காலக்கெடு எதையும் இனி ஏற்கமாட்டேன், மற்ற பிழைகளைப் போலவே நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன் என்று அறிவித்தார். சம்பளம் இல்லாமல் வாரத்தில் பல மணி நேரம் மற்றவர்கள் அனுப்பும் அறிக்கைகளுக்கே போகிறது என்றார். அவர் சொன்னதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

ஓஎஸ்எஸ்-ஃபஸில் பிழை பதிவானால் 90 நாளில் அது பொதுவில் வந்துவிடும். அந்த 90 நாளுக்குள் உட்கார ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊசிநூல் கேட்டதில் சரியான கேள்வி அதுதான்: மூன்று பேர், மாலை நேரம்.

ஊசிநூல் | திருப்பூர் | திங்கள், காலை 8:15

ஆழியாறு, இதைத்தான் கேட்க வந்தேன், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தது. நன்றி.

இன்னொன்றும் இருக்கிறது. பெருமளவில் பயனர்கள் உள்ள, அல்லது இணைய உள்கட்டமைப்புக்கு முக்கியமான திட்டங்களையே ஓஎஸ்எஸ்-ஃபஸ் ஏற்கிறது. திருப்பூரில் சில யூனிட்டுகள் பயன்படுத்தும் நூலகத்துக்கு அங்கே இடம் கிடைக்காது என்றே நினைக்கிறேன். அப்படியானால் சொந்தமாகத்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதனால் ஒரே ஒரு ஹார்னஸ் மட்டும் எழுதியிருக்கிறேன். இரண்டாவது, முதலாவது கண்டுபிடித்தவை எல்லாம் தீர்ந்த பிறகுதான்.

காளிங்கராயன்வாய்க்கால் | ஈரோடு | திங்கள், மதியம் 1:30

அண்ணா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. சி நன்றாகத் தெரியும், ஆனால் ஹார்னஸ் என்றால் என்ன என்று நான் படித்த இடங்களில் யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. உங்களுடையது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் விளக்குவீர்களா? உங்கள் திட்டத்தில் வேலை செய்யவும் ஆசை.

ஊசிநூல் | திருப்பூர் | திங்கள், இரவு 9:50

தம்பி, தாராளமாக வாங்க.

ஹார்னஸ் என்பது ஒரே ஒரு செயற்கூறு. லிப்ஃபஸர் அதற்கு இரண்டு பொருள் கொடுக்கும்: பைட்டுகள் தொடங்கும் இடத்தின் சுட்டி, எத்தனை பைட் என்ற நீளம். அந்தப் பைட்டுகளை உன் நூலகத்தின் படிக்கும் செயற்கூறிடம் கொடுக்க வேண்டும். முடிந்ததும் ஒதுக்கிய நினைவகத்தை விடுவித்து, பூஜ்ஜியம் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். மெயின் எழுதக் கூடாது, அது லிப்ஃபஸருடையது. கிளாங் கம்பைலரில் ஃபஸர், அட்ரஸ் என்ற இரண்டு சானிடைசர் கொடிகளையும் போட்டுக் கம்பைல் செய்தால் ஓடத் தொடங்கிவிடும்.

எழுத்தில் எளிது. நான் மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன், உனக்கு இரண்டு நாள் மிச்சமாகும்.

எங்கள் நூலகம் கோப்பின் பெயரை வாங்கித் திறந்து படிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஃபஸர் நொடிக்கு ஆயிரக்கணக்கில் உள்ளீடு கொடுக்கும். ஒவ்வொன்றையும் வட்டில் எழுதித் திறந்து கொண்டிருந்தால் வேலை நடக்காது. அதனால் நினைவகத்திலிருந்து நேராகப் படிக்கும் ஒரு செயற்கூறைத் தனியாகப் பிரித்தேன். ஃபஸ் சோதனைக்காகச் செய்த அந்தப் பிரிப்பு, கோடையே சுத்தமாக்கிவிட்டது.

அடுத்தது என்னை ஒரு முழு இரவு உட்கார வைத்தது. ஃபஸர் ஒரு கிராஷ் கோப்பை எழுதிக் கொடுத்தது. அதை மட்டும் தனியாக ஓட்டினால் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஃபஸரை விட்டால் வேறு கோப்பில் அதே இடத்தில் சாகிறது. கடைசியில் பார்த்தால், நூல் நிறங்களின் அட்டவணையை ஸ்டேடிக் மாறியாக வைத்திருந்தோம். முந்தைய கோப்பு விட்டுப் போன எண்ணிக்கை அடுத்த கோப்பு வரும்போதும் அப்படியே இருந்தது. யூனிட்டில் ஒரு டிசைனை மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கும்போது எப்போதாவது நிறம் மாறித் தெரிகிறது என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவர் திரையில்தான் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் சொன்னது சரி.

மூன்றாவது பெருக்கல். தையல் எண்ணிக்கையை 12 ஆல் பெருக்கி, மொத்த பைட்டை ஓர் இன்ட் மாறியில் வைத்திருந்தோம். தலைப்பில் 35,79,13,942 என்று வந்தால் பெருக்கியது 32 பிட்டில் சுற்றி வந்து 8 ஆகிவிடும். 8 பைட் ஒதுக்கிவிட்டு 35 கோடித் தையலுக்கு இடம் இருப்பதாக நிரல் நம்பும். இந்த வகையை அட்ரஸ் சானிடைசர் நேராகச் சொல்லாது. இப்படிக் கணக்கு வழிவதைப் பிடிக்கும் யூபிசான் என்ற சானிடைசரையும் சேர்த்துப் போட்டதும் அந்த வரியிலேயே காட்டியது.

விதைக் கோப்புகள் பற்றி ஒன்று. வெறும் கையோடு விட்டால் தலைப்பின் குறிகளைத் தாண்டவே ஃபஸருக்கு நேரம் பிடிக்கும், நல்ல டிசைன் கோப்புகள் சிலவற்றை முதலில் கொடுக்க வேண்டும். யூனிட்டுகளில் கேட்டால் நூறு தருவார்கள். ஆனால் அவை பையர்களின் லோகோக்கள். வெளிநாட்டு பிராண்டின் டிசைனைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டால் யூனிட்காரரின் ஆர்டரே போய்விடும். அதனால் நானே உட்கார்ந்து சின்னச் சின்னதாகச் செய்தேன்: ஒரு நேர்க்கோடு, ஒரு வட்டம், ஒரு நிற மாற்றம், ஒரு ஜம்ப், தையலே இல்லாத வெறும் தலைப்பு. எல்லாமே ஒரு கிலோபைட்டுக்குள். 40,000 தையல் உள்ள டிசைன் ஏறக்குறைய 1,20,500 பைட். அதைக் கொடுத்தால் ஃபஸர் மெதுவாகும், கண்டுபிடிப்பதும் குறையும்.

சென்னிமலைத்தறி | சென்னிமலை | செவ்வாய், காலை 7:10

நான் சி பக்கமே போகாதவன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கே அச்சகங்களில் பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன.

பைத்தானில் நினைவகம் உடையாது, எனவே ஃபஸ் சோதனை நமக்கு எதற்கு என்று இருந்தேன். 2020 டிசம்பரில் வெளிவந்த ஏதெரிஸ் என்ற பைத்தான் ஃபஸ் கருவியைப் போன வருடம்தான் எடுத்துப் பார்த்தேன். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். "கொ" என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். ஆகவே கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். வரியின் கடைசி எழுத்தே கொம்பாக இருந்தால் அடுத்த எழுத்து ஏது? நிரல் அங்கேயே நின்றது. பத்திரிகையில் யாராவது அப்படி அடிப்பார்களா என்று கேட்கலாம். நோட்டீஸ் கோப்பைப் பாதியில் வெட்டி ஒட்டும்போது நடந்துதான் இருக்கிறது. அப்படி வந்த கோப்பில் அதற்குப் பின்னால் இருந்த மூன்று பக்கமும் மாறாமல் போயின.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. சாகவில்லை என்பது மட்டும் போதாது, ஒரு விதியையும் சோதிக்கலாம். யூனிகோடைப் பாமினிக்கு மாற்றி, மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் அதே சொல் கிடைக்க வேண்டும் என்று எழுதி ஹைப்பாதெசிஸ் என்ற சோதனை நூலகத்திடம் கொடுத்தேன். அது தோல்வியைக் கண்டதும், தோற்கும் மிகச் சிறிய உதாரணமாகச் சுருக்கித் தரும். எனக்குத் தந்தது ஒரே எழுத்து: கௌ.

பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. எனவே "கௌ" என்பதும் "கெள" என்பதும் பைட் அளவில் ஒன்றுதான். கௌரி போகிறாள், கெளரி வருகிறாள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால்தான் கிடைக்காது. பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் பட்டியல் மாதிரி பெயர் வைத்துத் தேடும் கோப்பாக இருந்தால் ஒரு ஆளே காணாமல் போவார். அந்த ஓர் எழுத்துக்காகச் சொற்பட்டியல் ஒன்றையே சேர்க்க வேண்டியதாயிற்று. அது இல்லாமல் எந்த விதியாலும் தீராது. ஆனால் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்தச் சோதனைதான்.

நீங்கள் இந்த இழையைப் படிக்கும் ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துகளைக் கோர்ப்பது ஹார்ஃப்பஸ், பல வருடமாக வரைந்து வந்தது ஃப்ரீடைப். இரண்டுமே ஓஎஸ்எஸ்-ஃபஸில் இருக்கின்றன. 2016இல் அந்தச் சேவையை அறிவித்தபோது அவர்கள் காட்டிய உதாரணமே ஃப்ரீடைப்தான்: கோட் மாறிய சில மணி நேரத்தில் நினைவக மீறல் ஒன்று பிடிபட்டது. எனவே அண்ணா, ஆழியாறு சொல்வதும் உண்மை, மருதமலை சொல்வதும் உண்மை. பெரிய இடங்களில் அது இல்லாமல் முடியாது.

மருதமலை_அடிவாரம் | கோவை | செவ்வாய், இரவு 9:30

ஆழியாறு, நேற்றிலிருந்து நீங்கள் எழுதியதையே யோசித்துக்கொண்டிருந்தேன். "சேர்ந்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் சொன்னது தவறு. நான் வேலை செய்யும் நூலகத்தில் ஐந்து பேர் சம்பளத்தோடு இருக்கிறார்கள். அதை மறந்து சொல்லிவிட்டேன்.

ஊசிநூலின் அளவுக்கு ஏற்றது கிளஸ்டர்ஃபஸ்லைட். 2021 நவம்பரில் வந்தது. ஓஎஸ்எஸ்-ஃபஸுக்குத் தேவைப்படுவது போலவே ஒரு டாக்கர்ஃபைல், ஒரு பில்டு ஸ்கிரிப்ட், சின்ன அமைப்புக் கோப்புகள் எழுதினால் போதும், உங்கள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலேயே ஓடும். பொதுக் களஞ்சியத்துக்கு அதை ஓட்டும் கணினிகளான ரன்னர்கள் இலவசம். யார் அனுமதியும் வேண்டாம், 90 நாள் கெடுவும் இல்லை.

எங்கள் பழக்கம் இது. புல் ரிக்வெஸ்ட் வந்தால் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். அந்த மாற்றத்தால் புதிதாக வந்த பிழைக்கு மட்டும் சிவப்பு காட்டும்படி வைத்திருக்கிறோம். பழைய பிழைக்காகப் புதிதாக வந்தவரின் பேட்சை நிறுத்தினால் அவர் திரும்பி வரமாட்டார். நீண்ட ஓட்டம் இரவில் தனியாக நடக்கும். அதில் சேரும் உள்ளீட்டுக் கோப்புகளின் தொகுப்பை, அதாவது கார்பஸை, வாரம் ஒரு முறை சுருக்குகிறோம், ஒரே கிளையைத் தொடும் பத்துக் கோப்புகளில் சின்னது ஒன்று இருந்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, பிடித்த ஒவ்வொரு கிராஷ் கோப்பையும் களஞ்சியத்திலேயே சேமித்து வைப்பது. திருத்திய பிறகு அந்தக் கோப்புகளைச் சாதாரண யூனிட் டெஸ்ட் போல ஒவ்வொரு கம்மிட்டிலும் ஓட்டுங்கள். சில நொடிதான் ஆகும். ஃபஸர் நாளைக்கே நின்று போனாலும் அந்தக் கோப்புகள் காவலுக்கு இருக்கும்.

சோமனூர் | சோமனூர் | செவ்வாய், இரவு 10:15

மருதமலை கடைசியில் சொன்னது கோ மொழியில் தானாகவே நடக்கிறது. 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பிலிருந்து ஃபஸ் சோதனை மொழியின் டெஸ்ட் கருவிக்குள்ளேயே இருக்கிறது. தோற்ற உள்ளீட்டை டெஸ்ட்டேட்டா கோப்புறையில் அதுவே எழுதிவைக்கும். அதைக் கம்மிட் செய்தால், அடுத்து யார் சாதாரணமாக டெஸ்ட் ஓட்டினாலும் அந்த உள்ளீடும் ஓடும். புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய வாசல் நான் பார்க்கவில்லை. ரஸ்டில் கார்கோ-ஃபஸ், ஜாவாவில் ஜாஸர் இருக்கின்றன. அவற்றில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் வீட்டு கம்ப்யூட்டரில் இரவெல்லாம் ஓட்டினால் கார்பஸ் கோப்புறை வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வேகத்துக்காக ரேமில் வைத்து, ஒரு வார ஓட்டத்தை ஒரு நொடியில் இழந்தேன்.

ஆழியாறு | பொள்ளாச்சி | புதன், காலை 6:20

மருதமலை அண்ணா, மனது லேசானது. பத்து நிமிடம், புதிய பிழைக்கு மட்டும் சிவப்பு என்றால் நானும் மறுபடி தொடங்குகிறேன். இந்த முறை ஒரே ஹார்னஸ்.

ஊசிநூலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபஸ் சோதனையின் அமைப்புக் கோப்புகளை யார் மாற்றினாலும் இரண்டு பேர் பார்க்கும்படி வையுங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் விவகாரம் நினைவிருக்கும். 2023 ஜூலையில் ஜியா டான் என்ற பெயரில் வந்தவர், ஓஎஸ்எஸ்-ஃபஸில் எக்ஸ்இசட்டுக்கான பில்டில் ஐஃபங்க் வசதியை (ஒரு செயற்கூறின் எந்த வடிவம் ஓட வேண்டும் என்று நிரல் ஏறும்போது தேர்ந்தெடுப்பது) அணைக்கும் மாற்றம் ஒன்றை அனுப்பினார். பில்டு உடைகிறது, அதனால் அணைக்கிறேன் என்ற மாதிரி சாதாரணமான காரணம். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த வருடம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வந்தபோது, அது உள்ளே நுழைந்த வழி அந்த ஐஃபங்க்தான். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்திருக்காவிட்டால் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்திருக்காது.

பல வருடம் தனியாகச் சுமந்து களைத்திருந்த ஒரு பராமரிப்பாளரிடம்தான் அந்த ஆள் உதவிக்கு வருவதாகச் சொல்லி உள்ளே வந்தார். அதைப் படிக்கும்போது எனக்கு என் ஆறு மாதம்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே அந்தத் தம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று பேரும் மாறி மாறிப் பாருங்கள். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்.

ஊசிநூல் | திருப்பூர் | புதன், இரவு 10:40

கிளஸ்டர்ஃபஸ்லைட் போட்டாகிவிட்டது. டாக்கர்ஃபைல் 8 வரி, பில்டு ஸ்கிரிப்ட் 11 வரி. ஒரு மாலை ஆனது. அந்த இரண்டு கோப்பையும் மாற்ற இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்றும் வைத்துவிட்டேன். இதுவரை பிடித்த 4 கிராஷ் கோப்புகளும் சோதனைக் கோப்புறையில் இருக்கின்றன. 8,400 தையல் கோப்பை மட்டும் பையர் டிசைன் என்பதால் போடவில்லை. அதே கோளாறோடு இரண்டே தையலில் ஒன்று செய்து வைத்தேன், முடிவுக் குறியின் 3 பைட்டையும் சேர்த்து அது 521 பைட்.

காளிங்கராயன்வாய்க்கால் | ஈரோடு | சனி, மாலை 5:05

அண்ணா, நிற மாற்றங்களின் பட்டியலைக் காட்டும் வசதியை எழுதி அனுப்பினேன். என் கம்ப்யூட்டரில் எல்லா டெஸ்டும் பாஸ். களஞ்சியத்தில் நான்காவது நிமிடத்தில் சிவப்பு வந்தது. பார்த்தால், தலைப்பில் நிற மாற்றம் எத்தனை என்று எழுதியிருந்த எண்ணை நம்பி அணியை ஒதுக்கியிருக்கிறேன், பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு நிற மாற்றத்தையும் எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். இந்த இழையின் முதல் பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன், அப்படியும் அதே தவறு. வருத்தமாக இருக்கிறது.

ஊசிநூல் | திருப்பூர் | சனி, மாலை 6:30

வருத்தப்படாதே தம்பி. அதே தவறோடு நாங்கள் நான்கு வருடம் இருந்தோம், நீ நான்கு நிமிடம்தான் இருந்தாய். ஃபஸர் கொடுத்த கோப்பை முதலில் சுருக்கிக்கொள், லிப்ஃபஸரிலேயே அதற்கு ஒரு கொடி இருக்கிறது. சுருங்கிய கோப்பை உன் திருத்தத்தோடு அதே புல் ரிக்வெஸ்டில் சோதனைக் கோப்புறையில் சேர்த்துவிடு. பெயரை "நிறம்-எண்-பொய்" என்று வை, பின்னால் வருபவருக்குப் புரியும்.

நாளைக் காலை யூனிட்டுக்குப் போகிறேன். புதிய பதிப்பை அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு, அன்று நின்றுபோன அதே பென் டிரைவை வைத்துத் திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.